வெறும் விரல்

செவ்வாய், இரவு 11.40

இதைக் கண்டெடுப்பவர் யாராக இருந்தாலும், தயவுசெய்து யாரிடமும் காட்டாதீர்கள். முக்கியமாக என் அம்மாவிடம். என் பெயர் தாமிரா, ஒன்பதாம் வகுப்பு. சனியைச் சுற்றும் பனி நிலவில், அம்மா தலைமையில் நடக்கும் ஆய்வு நிலையத்தில் இருக்கிறேன். காற்றழுத்தம் சரி. மின்சாரம் சரி.

ஆய்வகத்தில் இரண்டு குடுவைகள். பனிக்கடியில் எடுத்த நீரில் ஆர்.என்.ஏ. இழைகள். தம்மைப் போலவே இன்னோர் இழையைத் தாமே கோத்துக்கொள்கின்றன, எந்த உயிரின் உதவியும் இல்லாமல். உயிர் இப்படித்தான் தொடங்கியிருக்கும் என்பாள் அம்மா. இன்று முதல் குடுவை அடங்கிவிட்டது. ஓர் இழைகூட முழுதாக இல்லை.

புதன், நள்ளிரவு

நான்தான் செய்தேன். ஞாயிறன்று ரொசாரியோ மாமா என்னை உள்ளே விட்டார். குடுவைகளுக்கு இந்த நிலவின் உப்பைக் கலப்பவர், தூத்துக்குடிக்காரர். கையுறையைக் கழற்றாதே, நம் வேர்வையில் இருக்கும் நொதி இதுகளை வெட்டிப்போடும், உங்கள் அம்மா வாயைவிட மோசம் என்று சிரித்தார். அவர் திரும்பியதும் கழற்றினேன். உயிர் என்றால் கொஞ்சமாவது சூடு இருக்குமே என்று விரலை விட்டுப் பார்த்தேன். சில்லென்று இருந்தது. அவ்வளவுதான்.

வியாழன், இரவு

அம்மா உப்பைச் சந்தேகப்படுகிறாள். ஒலிபெருக்கியில் எல்லோருக்கும் கேட்டது.

"ரொசாரியோ, கலவையில என்ன தப்பு?"

"தெரியல மேடம். நான் கலந்ததுதான்."

என்னை உள்ளே விட்டதை அவர் சொல்லவில்லை. காலைக் கப்பலில் அவரை அனுப்புகிறார்கள். இரண்டாவது குடுவைக்கு நாளை பூமி உப்பை ஊற்றப்போகிறாள் அம்மா. இந்த நிலவின் உப்பில்தான் அவை பிழைக்கின்றன. எடுத்த இடத்தைப் பனி மூடிவிட்டது, வேறு குடுவை கிடையாது. நான் சொன்னால் நிறுத்துவாள். அம்மாவிடம் பேசும் ஒலிபெருக்கியின் பொத்தான்வரை போய்ப் போய்த் திரும்புகிறேன்.

பிறகு

அழுத்திவிட்டேன். உப்பை மாற்றாதே, தப்பு உப்பில் இல்லை என்றேன். என் விரல் என்று வாயில் வரவில்லை.

"இன்னும் தூங்கலையாடி? அப்பவே மாத்தியாச்சு. போறதுக்குள்ள அவரையே ஊத்தச் சொன்னேன். படு."

திரையில் இரண்டாவது குடுவையின் இழைகளை எண்ணிக் காட்டும் கோடு இறங்குகிறது. எழுத எழுத இறங்குகிறது. முதல் குடுவையைத் தன் உப்புதான் கொன்றது என்று நம்பி, இதையும் அவரே ஊற்றியிருக்கிறார். அப்படியே ஊருக்குப் போவார். நேற்றே சொல்லியிருந்தால்

யாரோ கதவைத் தட்டுகிறார்கள். அம்மா தட்டமாட்டாள், நேரே வருவாள். வெளியே பெட்டி தரையில் உராய்கிறது. அவர்தான், சொல்லிக்கொண்டு போக வந்திருக்கிறார். என் கை இன்னும் கதவைத் திறக்கவில்லை.