எனக்கு இன்னொரு பேர் வேண்டாம்

மண்டூர்,
ஆடி மாதம், ஞாயிறு பின்னேரம்.

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கை அஜந்தா எழுதுகிறேன். சுகமாக இருக்கிறோம் என்று எழுதக் கை வரவில்லை, இருக்கிறோம். போனில் நான் வாயைத் திறந்ததும் நீங்கள் வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தைப் பாதியில் வைத்தாலும் பிறகு எடுத்து வாசிக்கலாம் அல்லவா, அதனால் எழுதுகிறேன்.

முதலில் அம்மா. மாசியில் வந்த பாரிசவாதம் வலப்பக்கத்தை இன்னும் விடவில்லை. கஞ்சி இறங்குகிறது, சோறு புரையேறுகிறது. முதுகில் புண் வந்துவிடுமோ என்று அடிக்கடி புரட்டிவிடுகிறேன். கரடியனாற்றில் மில் வேலையை விட்டுவிட்டு இங்கேயே வந்துவிட்டேன். நான் கிறிஸ்தவளாக மாறியதால், வந்த புதிதில் என் கையால் அம்மா தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. "வேதக்காரிட கையால எனக்கு வேணாம்" என்று இழுத்து இழுத்துச் சொல்லி, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். பக்கத்து வீட்டு விதுர்ஷாதான் வந்து ஊட்டினாள். குழந்தை பிறந்து அவள் வர முடியாமல் போன பிறகுதான் என்னிடம் வாங்கினார்.

போன கிழமை நீங்கள் கேட்டதற்கு இப்போது பதில் சொல்கிறேன். "நாங்க ஆரெண்டு மறந்துபோட்டியா? முருகன்ட காலடியில பிறந்து வளந்த ஆக்கள். இப்ப நீ ஆர்?" என்று கேட்டீர்கள்.

அண்ணா, அந்தக் கேள்வியோடுதான் நான் இவ்வளவு காலமும் இருந்தேன். சண்டைக்கு வீட்டுக்கு ஒருவர் வேண்டும் என்று இயக்கத்தார் வந்தபோது நீங்கள் சுவிஸ் போகக் கொழும்பில் ஏஜென்சிக்காரரோடு நின்றீர்கள். வீட்டில் நான்தான் நின்றேன். எனக்குப் பதினைந்து வயது. அதை உங்களிடம் ஒருநாளும் குறையாகச் சொன்னதில்லை, இப்போதும் சொல்லவில்லை. அங்கே முடியை வெட்டி, எழில்மதி என்று பேர் வைத்தார்கள். சண்டை முடிந்த பிறகு, புனர்வாழ்வு என்று அடைத்துவைத்த தடுப்பு முகாமில் ஒரு இலக்கம் தந்தார்கள். ஊருக்குத் திரும்பி வந்தால் எனக்குப் பேரே இல்லை. "அந்தப் புனர்வாழ்வுப் பிள்ளை" என்றார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனார்கள். அம்மாகூட "இவள்" என்றுதான் சொல்லுவார், யார் காதிலும் விழுந்துவிடக் கூடாது என்பது போல.

மில்லில் என்னோடு அரிசி புடைத்தவர் மெர்சி அக்கா. அவருடைய மூத்த மகனை இயக்கம் கொண்டுபோய்த் திரும்பத் தரவில்லை. நான் எங்கிருந்து வந்தவள் என்று தெரிந்தால் முகத்தில் துப்புவார் என்று பயந்து, ஒதுங்கியே இருந்தேன். ஒருநாள் அவர் என் பேரைக் கேட்டார். எந்தப் பேர் என்று என்னை அறியாமலே கேட்டுவிட்டேன். அவருக்கு விளங்கிவிட்டது. சுளகைக் கீழே வைத்தார். பிறகு, "உன்ட அம்மா வைச்ச பேரச் சொல்லு, புள்ள" என்றார்.

அவர்தான் என்னைச் சபைக்குக் கூட்டிப் போனார். காசு கொடுத்து என்னை மாற்றினார்கள் என்று உங்களுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். தகரக் கூரையும் கொஞ்சம் பிளாஸ்டிக் கதிரையும் உள்ள சபை அது. கொடுக்க அவர்களிடம் என்ன இருக்கிறது? அங்கே கண்ணை மூடிக்கொண்டு, நான் கண்டதையும் செய்ததையும் ஆண்டவரிடம் ஒவ்வொன்றாகச் சொன்னேன். உங்களிடமும் அம்மாவிடமும் சொல்ல முடியாதவை. மாதக்கணக்காகச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்ட பிறகும் அவர் என்னை விட்டுப் போகவில்லை என்று ஒருநாள் தெரிந்தது. எப்படித் தெரிந்தது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அன்றைக்குப் படுத்தவள் விடியும்வரை நித்திரை கொண்டேன்.

வவுணதீவுப் பக்கம் வாவியில்தான் ஞானஸ்நானம் நடந்தது. இடுப்பளவு தண்ணீரில் நிற்கும்போது போதகர், "எஸ்தர் எண்டு வைப்பமா, தங்கச்சி?" என்று கேட்டார். நல்ல மனிதர், நல்ல பேர்தான். ஆனால் நான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன். "வேணாம் ஐயா. என்னை எடுத்த ஆக்கள் எல்லாரும் தங்கட விருப்பத்துக்கு ஒரு பேர் வைச்சவங்க. ஆண்டவரிட்ட நான் அஜந்தாவாவே வாறன்" என்றேன். கரையில் நின்றவர்கள் பாட்டை நிறுத்திவிட்டார்கள். போதகர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அஜந்தா என்று சொல்லியே என்னைத் தண்ணீரில் அமிழ்த்தினார். பதினைந்து வயதில் காணாமல் போனவள் அன்றைக்குத்தான் வந்து சேர்ந்தாள். நான் யார் என்று கேட்டீர்களே, அவள்தான். உங்கள் தங்கைதான்.

அம்மாவின் சாமிப் படத்தைக் கழற்றிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். எண்ணெயும் திரியும் நான் போட்டு, விளக்கைக் கட்டிலடிக்குக் கொண்டுவருவேன். அம்மா இடக்கையால் கொளுத்துவார். அவர் கும்பிட்டு முடியும்வரை நான் முற்றத்தில் நின்று ஜெபம் செய்வேன். இதைப் பற்றி நாங்கள் இருவரும் பேசுவதில்லை.

நாளைக்கு அம்மா கண்ணை மூடினால் காரியத்துக்கு நான் கிட்ட வரக்கூடாது என்று போன கிழமை நீங்கள் சொன்னது அம்மாவுக்கும் கேட்டுவிட்டது. போன் ஸ்பீக்கரில் இருந்தது. நீங்கள் வைத்த பிறகு, "அவன் கோவத்தில கதைக்கிறான். நீ போயிராத, அஜந்தா" என்றார். பேரைச் சொல்லித்தான் சொன்னார். நான் அடுப்படிக்குப் போய்க் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வந்தேன்.

கோயில் கொடியேற நாள் அதிகமில்லை. இந்த முறை தன்னைக் கோயிலடிக்குக் கொண்டுபோகச் சொல்லி அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறார். லீவு எடுத்துக்கொண்டு வாருங்கள். கோபத்தோடு வந்தாலும் சரி. காரியத்தை யார் செய்வது, யார் வெளியே நிற்பது என்பதெல்லாம் உங்கள் விருப்பம். அதற்காக நான் சண்டை பிடிக்க மாட்டேன். எனக்கு உடம்பும் ஏலாது. சுவிஸ் குளிரில் உங்களையும் அண்ணியையும் பிள்ளைகளையும் ஆண்டவர் காப்பாராக.

வாருங்கள், அண்ணா. அம்மாவைத் தூக்க இரண்டு பேர் வேண்டும்.

என்றும் உங்கள் தங்கை,
அஜந்தா