தொட்டி அறையில் முளைத்த மரம்

நாள் 1, காலை 9.10
நிலவின் தென்முனைச் சுரங்க நிலையம். எரிபொருளுக்கான தண்ணீர்த் தொட்டி அறை. எழுதுவது பூரணவல்லி, தாவரவியலாளர். தொட்டிக்குப் பின்னால் மரம் ஒன்று நிற்கிறது. உயரம் இரண்டு மீட்டர். போன மாதம் இல்லை. இலைகள் வெள்ளை. விளக்கில்லாத மூலையில் வளர்ந்திருக்கிறது. மாதிரி எடுத்துக்கொண்டு பதினொரு மணிக்கு வெளியேறுவேன்.

நாள் 1, காலை 10.45
வெளியேற முடியவில்லை. அடையாளம் தெரியாத உயிர் என்று கணினி கதவைப் பூட்டிவிட்டது. விதி எனக்குத் தெரியும். எழுதிய குழுவில் நானும் இருந்தேன். மரத்தின் பூர்வீகமும் வகையும் படிவத்தில் பதிவாக வேண்டும். பூமி என்றால் கதவு திறக்கும். பூமி அல்ல என்றால் வெளியே இரும்புத் திரை இறங்கும். அதை யாராலும் அறுக்க முடியாது.

ஒலிபெருக்கியில் பொறியாளர் இசக்கியப்பன்: "எக்கா, பயப்படாதிய. நான் வெளியதான் நிக்கேன்."

நாள் 3, பிற்பகல் 2.20
கூட்டிலை. ஏழு சிற்றிலைகள். கசக்கினால் கசப்பு நெடி. கையோடு கொண்டுவந்த சோதனைக் கருவியில் மரபணு முடிவு வந்தது: புங்கம். தனியாக உட்கார்ந்து சிரித்தேன். புங்கம் இங்கே எப்படி வந்தது என்று இசக்கியிடம் கேட்டேன்.

"நாந்தான் எக்கா. கெளம்பும்போது எம் மவ பையில ரெண்டு புங்கங்காயப் போட்டுவிட்டுட்டா. சோதனையில புடுங்கிருவாங்கன்னு தொட்டிக்குப் பின்னால ஒளிச்சேன். அப்புறம் மறந்தே போச்சு."

கோபம் வரவில்லை. நாளை வெளியே போய் வெந்நீரில் குளிப்பேன்.

நாள் 4, காலை 11.30
படிவத்தை அனுப்பவில்லை. பச்சையமே இல்லாத மரம் எதைக் கொண்டு வளர்கிறது? வேரை நறுக்கிப் பார்த்தேன். உள்ளே வெள்ளை இழைகள். பூஞ்சை என்று நினைத்தேன். அதில் மரபணுவே இல்லை. மூன்று முறை சோதித்தேன். சுரங்கப் பனிக்கட்டி உருகி வரும் குழாயிலும் அதே இழைகள்.

மரம் நம்முடையது. அதை வளர்ப்பது நம்முடையது அல்ல.

முகமூடியின் வடிகட்டி இரண்டாம் நாளே தீர்ந்துவிட்டது. நேற்றிலிருந்து இருமல்.

நாள் 6, மாலை 4.05
சளியைக் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்த்தேன். தகட்டை மாற்றிப் பார்த்தேன். இழைகள்.

இசக்கியிடம் சொன்னேன். "புங்கம்னு மட்டும் எழுதி அனுப்புங்க எக்கா. பொய்யில்லையே. கதவு தொறந்துரும். டாக்டர் பாத்துக்கிடுவாரு."

பொய்யில்லைதான். பொத்தான் மேல் விரலை வைத்தபடி பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன். வெளியே பதினான்கு பேர். எனக்குச் சாகப் பயமாக இருக்கிறது. இதையும் பதிவு செய்கிறேன்.

நாள் 7, காலை 8.50
கதவில் இயந்திரச் சத்தம். இசக்கி அறுக்கிறான். கதவின் ஓரம் சிவந்துவிட்டது.

"என்னாலதான உள்ள கெடக்கிய. விட்டுட்டுப் போமாட்டேன்."

"இசக்கி, ரெண்டடி பின்னால போப்பா. தீப்பொறி உள்ள தெறிக்குது."

போனான். படிவத்தை அனுப்பினேன். திரை இறங்கியது. ஒலிபெருக்கிக் கம்பியும் அதோடு அறுந்தது. அவன் கத்தியது பாதிதான் கேட்டது.

நாள் 9 அல்லது 10
பசி இல்லை. அறையின் அவசரகால உணவுப் பொட்டலங்கள் அப்படியே கிடக்கின்றன. விரல் மடங்க மறுக்கிறது. கண்டெடுப்பவருக்காகப் படிவத்தின் நகல்:

பூர்வீகம்: நிலவின் பனி.
வகை: தெரியவில்லை.
அது குடியிருக்கும் உயிர்கள்: ஒன்று, புங்கமரம். இரண்டு, பூரணவல்லி, வயது நாற்பத்தா