மச்சானின் கட்டுமரத்தில் எனக்கு இடமில்லை

17-8-1959, திங்கள் இரவு

மதியம்தான் நாகல் நகர் வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். உடம்பு அலுப்பாக இருந்தும் தூக்கம் வரவில்லை.

மாமியார் ஊரில் மாதா திருவிழாவுக்குக் கட்டுமரப் போட்டி. உடம்பைக் குறைத்தால் இந்த வருஷம் என்னையும் ஏற்றிக்கொள்வதாக மச்சான் அந்தோணி சொல்லியிருந்தான். ஒரு மாதமாக என் மனைவி சகாயம் எனக்கு அரை வயிற்றுக்குத்தான் சோறு போட்டாள். தினமும் எங்கள் வெங்காய மண்டித் தராசில் ஏறி நின்றேன். மூட்டை தூக்குகிறவர்கள் சிரித்ததையும் பொறுத்துக்கொண்டேன்.

நேற்று பாய் விரிக்கிற நேரத்தில் அந்தோணி கடலைப் பார்த்தான்.

"அத்தான், காத்தே இல்ல. நீங்க ஏறுனா மரம் அமுங்கிரும். கரையிலயே நில்லுங்க."

ஊரே பார்க்க, நனைந்த வேட்டியோடு மணலில் போய் நின்றேன்.

பாதி தூரத்தில் காற்று பிடித்துக்கொண்டது. காற்றடிக்கும் பக்கம் ஒரு கனத்த ஆள் உட்கார்ந்திருந்தால் மரம் சாயாமல் பறந்திருக்கும். போன மூன்று பேருமே ஒல்லி. கவிழ்ந்துவிடும் என்று பயந்து பாயைச் சுருட்டிவிட்டார்கள். கடைசியாகத்தான் கரைக்கு வந்தார்கள். எனக்கு வருத்தமே வரவில்லை. அதுதான் உறுத்துகிறது.

இன்று சாப்பிடும்போது சகாயம் கேட்காமலே இன்னும் இரண்டு கரண்டி சோறு வைத்தாள்.

"இம்புட்டு எதுக்கு?" என்றேன்.

"சாப்பிடுங்க. அடுத்த வருசம் அத்தான் இல்லாம மரத்தை எறக்க மாட்டேன்னு தம்பி சொல்லிருக்கான்."

சாப்பிட்டேன். அடுத்த வருஷமும் காற்று இல்லாவிட்டால் என்ன செய்வது என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.