மயிலாத்தாள் யாரென்று செக்போஸ்டில் கேட்டார்கள்

எப்போதும் எனக்கு முன்னால் கையைச் சுட்டுக்கொள்கிற என் அண்ணிக்கு, என் நங்கைக்கு,

கோயமுத்தூர்ப் பொருட்காட்சித் திடலில், நம் கடைக்குப் பின்னால், தண்ணீர்க் குடத்தின் பக்கத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். மத்தியான நேரம். ராட்டினக்காரர்கள் இரும்புக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருக்கிறார்கள். மரணக் கிணற்றில் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிற அந்த மீசைக்காரர் தன் சட்டையைத் தானே துவைத்துக் காயப்போடுகிறார். இவரைப் பார்த்தா நாம் போன வருஷம் கண்ணை மூடிக்கொண்டு கத்தினோம்?

நேற்று நடந்ததை உங்களிடம் சொல்லாவிட்டால் எனக்கு வயிறு வெடித்துவிடும். நீங்கள் போய் நாலு மாதம்தான் ஆகிறது. அதற்குள் உங்கள் பேரில் ஒரு பொய் சொல்லிவிட்டேன் நங்கை. அதுவும் மலையாள எல்லைச் செக்போஸ்டில், ஆபீசர் முகத்துக்கு நேராக. திட்டுவதாக இருந்தால் முழுக்கக் கேட்டுவிட்டுத் திட்டுங்கள்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில், கண்ணெல்லாம் மஞ்சளாக, நீங்கள் என் கையைப் பிடித்துச் சொன்னது ஒன்றே ஒன்று. "ருக்கு, நம்ம கடை எடத்த மட்டும் உட்றாத." பிள்ளைகளைப் பார்த்துக்கொள் என்றுகூடச் சொல்லவில்லை. அதை நான் செய்வேன் என்று உங்களுக்குத் தெரியும். இடம்தான் உங்களுக்குச் சந்தேகம்.

சந்தேகம் நியாயம்தான். கிழக்கு வாசலை ஒட்டிய இடம், நாடகக் கொட்டகைக்கு எதிரில். நாடகம் விட்டு வருகிற கூட்டம் அப்படியே நம் சந்தகைக் கடை இலையில்தான் விழும். அந்த இடத்துக்கு ஒரு அல்வாக் கடைக்காரர் மூணு வருஷமாக நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டிருக்கிறார். முதல் நாள் சாயங்காலம் ஆறு மணிக்குள் ஆள் வந்து கையெழுத்துப் போட்டு அடுப்புப் பற்றவைக்கவில்லை என்றால், இடம் அடுத்த ஆளுக்கு. அந்த அடுத்த ஆள் அவர்தான்.

அம்மா ஒத்துக்கொள்ளவே இல்லை. "வருசந் திரும்புல, அதுக்குள்ள ஊட்டுப் பொம்பள போயி கடை போடுவாளா? சனம் என்ன பேசும்?" என்றாள். எனக்குத்தான் வாய் நீளமாயிற்றே. "சனம் வந்து தின்னுட்டுப் பேசட்டும்மா" என்றேன். ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. அண்ணன் எதற்குமே ஒன்றும் சொல்வதில்லை இப்போது. காட்டு வேலைக்குப் போகிறார், வருகிறார், சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துவிடுகிறார். துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரிடமும் நான்தான் பேசினேன். நீங்கள் இல்லை என்ற சொல் இந்த நாலு மாதத்தில் அவர் வாயிலிருந்து வரவில்லை. எனக்குப் பயமாகவே இருந்தது நங்கை. ஆள் இப்படியே உள்ளுக்குள் போய்விடுவாரோ என்று.

"அண்டா தூக்க ஆள் வேணுமுங்கண்ணா" என்று மட்டும் கேட்டேன். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

நேற்று விடியற்காலை நீங்கள் செய்கிற மாதிரியே ரெண்டு அண்டாவில் அரிசியை ஊறப்போட்டேன். ஊரே தமிழ்நாட்டு அரிசியை நம் மலையாளப் பக்கம் கடத்திக்கொண்டு வருகிற காலத்தில், நம் வயல் அரிசியைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுபோகிற புத்திசாலிகள் நாம் மட்டும்தான். கேட்டால், "கடை அரிசியில சந்தகை இழை நிக்காது ருக்கு" என்பீர்கள். செக்போஸ்டில் பிடித்தால்? "காஞ்ச அரிசிக்குத்தான் சட்டம். ஊற வெச்சுப்புட்டா அது அரிசி இல்ல, பாதிப் பலகாரம்." மூணு வருஷமும் இந்தச் சட்டத்தை வைத்துக்கொண்டுதான் சிரித்துப் பேசி வண்டியைத் தாண்ட விட்டீர்கள்.

இந்த வருஷம் எமர்ஜென்சி. எந்த ஆபீசர் முகத்திலும் சிரிப்பில்லை. நம் பழைய ஆளும் மாறிப்போய், புதிதாக ஒருத்தர் உட்கார்ந்திருந்தார். வாடகை வேனை ஓரங்கட்டச் சொல்லி, அண்டா மூடியைத் திறந்து பார்த்தார்.

"எந்தா இது?"

"ஊற வெச்ச அரிசிங்க. பொருட்காட்சியில சந்தகை போடறதுக்குங்க. இடியாப்பம் மாதிரிங்க."

"நனைஞ்சாலும் அரி அரி தன்னே. அதிர்த்தி கடத்தான் பாடில்லா."

நனைந்தாலும் அரிசி அரிசிதானாம், எல்லை தாண்டக் கூடாதாம். உங்கள் சட்டம் ஒரே வரியில் போயிற்று. மணி பதினொன்று. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. சீக்கிரம் ஆட்டாவிட்டால் அரிசி புளித்து, அச்சில் அமுக்கினால் இழை துண்டு துண்டாக விழும். நான் கெஞ்சினேன். எனக்குக் கெஞ்ச வராது, உங்களுக்கே தெரியும், சண்டை போடுகிற மாதிரியே இருக்கும். கடைசியில் அந்த மனுஷர் ஏதாவது கடிதம் உண்டா என்று கேட்டார். என்னிடம் இருந்தது பொருட்காட்சிக் கமிட்டி அனுப்பிய இடச்சீட்டு ஒன்றுதான்.

வாங்கிப் பார்த்தார். தமிழும் கூட்டி வாசிப்பார் போலிருக்கிறது. "மயிலாத்தாள். கணவர் வேலுச்சாமி. சரி, ஈ ஆள் நேரே உண்டெங்கில் விடாம். ஆராணு மயிலாத்தாள்?"

நங்கை, அந்த நிமிஷத்தை எப்படிச் சொல்வேன்? உங்கள் பேரை ஒரு அந்நியர் சத்தமாகக் கூப்பிட்டு, ஆள் நேரில் இருந்தால் விடுகிறேன், எங்கே என்று கேட்கிறார். அண்ணன் வேனுக்குப் பக்கத்தில் அண்டா விளிம்பைப் பிடித்தபடி நிற்கிறார். தலை நிமிரவில்லை. இல்லை என்று சொன்னால் அரிசி போயிற்று, இடம் போயிற்று, நீங்கள் கேட்ட ஒரே ஒரு காரியமும் போயிற்று.

"நான்தானுங்க" என்றேன்.

அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு என்னால் முகம் கொடுக்க முடியவில்லை.

அதோடு விட்டிருந்தால் தப்பித்திருப்போம். ஆபீசர் சீட்டை மடித்துக்கொண்டே, "பர்த்தாவின்றெ பேரு?" என்று கேட்டார். நானும் படக்கென்று "வேலுச்சாமிங்க" என்றேன்.

தெரிகிறதா நான் செய்த கூத்து? வருஷாவருஷம் கமிட்டி ஆபீசில் புருஷன் பேர் கேட்கும்போதெல்லாம் நீங்கள் என் இடுப்பில் ஒரு குத்துக் குத்துவீர்கள், நான் சொல்வேன். உங்கள் வாயால் அந்தப் பேரை நான் கேட்டதே இல்லை. அதே பழக்கத்தில் வாய் முந்திக்கொண்டது. நேற்று நான் நீங்களாக நிற்கிறேன், பேர் சொல்லக் கூடாது என்பது புத்தியில் உறைக்கவே இல்லை.

மலையாள ஆபீசருக்கு அது ஒன்றும் தெரியவில்லை. ஆனால் பக்கத்தில் மூங்கில் கழியைத் தூக்கி இறக்குகிற போலீஸ்காரர் நம் பக்கத்து ஆள். பீடியைக் கீழே போட்டுவிட்டுக் கிட்டத்தில் வந்தார்.

"ஏனம்மிணி, எந்த ஊரு நீயி? கட்டுன புருசன் பேர இப்பிடிப் பட்டுனு சொல்றவள நா எங்கயும் பாத்ததில்லையே?"

அவர் ஆபீசர் காதில் ஏதோ சொன்னார். ஆபீசர் முகம் மாறியது. கள்ளப் பேர் சொன்னதற்குக் கேஸ் உண்டு, இப்போது இருக்கிற காலத்தில் யாரும் வந்து கேட்க முடியாது என்று போலீஸ்காரர் எனக்குத் தமிழில் எடுத்துச் சொன்னார். வேன் சாவியைப் பிடுங்கிக்கொண்டார்கள். பெரிய ஆபீசர் வரட்டும் என்று என்னை வெயிலில் நிற்க வைத்தார்கள்.

பன்னிரண்டு ஆயிற்று. ஒன்று ஆயிற்று. அண்டாவை மூடியிருந்த ஈரத் துணி காய்ந்துபோனது. நான் மனசுக்குள் உங்களைத் திட்டினேன். செத்தது செத்தீர்கள், இடத்தை உன் பேருக்கு மாற்றிக்கொள் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செத்திருக்கக் கூடாதா? அழுகை வந்தது, அதையும் கோபமாகத்தான் அழுதேன்.

அப்போதுதான் அண்ணன் நடந்து வந்தார். நேரே மேஜைக்கு முன்னால் வந்து நின்று, துண்டைத் தோளிலிருந்து எடுத்தார்.

"அது எந் தங்கச்சிங்க. அவ மேல தப்பில்லீங்க. சீட்டுல இருக்கறது எஞ் சம்சாரம்." அதற்குமேல் வரவில்லை. பதினாலு வருஷத்தில் உங்களை "ஏ புள்ள" என்றும் "இந்தா" என்றும்தானே கூப்பிட்டிருக்கிறார்? "மயிலாத்தா" என்றார். "மயிலாத்தா இல்லீங்க. ஐப்பசி மாசம் செத்துப்போயிட்டா."

சொல்லிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். லாரிக்காரர்கள் எல்லாம் பார்க்க, வாய்விட்டு அழுதார் நங்கை. நான் ஓடிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் கையை அவர் பிடித்த பிடியில் வளையல் ரெண்டு உடைந்தது.

போலீஸ்காரர் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். "என்ன சீக்குங்க?" என்று கேட்டார். "மஞ்சக்காமாலைங்க" என்று அண்ணனே பதில் சொன்னார். கேட்ட ஒவ்வொன்றுக்கும் அண்ணனே சொன்னார். எத்தனை பிள்ளைகள், எந்த ஆஸ்பத்திரி, எத்தனை நாள் கிடந்தீர்கள் என்று எல்லாம்.

ஆபீசர் பேனாவை மூடி வைத்தார். பிறகு எழுந்து போய் அண்டா மூடியைத் திறந்து, குனிந்து மோந்து பார்த்தார். முகத்தைச் சுளித்தார்.

"ஈ நனைஞ்ச அரி ஞான் இவிடெ வெச்சிட்டு எந்து செய்யான்? வைகுன்னேரம் ஆபீஸ் முழுவன் நாறும். கொண்டு போ, கொண்டு போ."

கேட்டீர்களா? இங்கே வைத்தால் சாயங்காலத்துக்குள் ஆபீசே நாறிவிடுமாம். ஊறிய அரிசியைச் சட்டம் தொடாது என்ற உங்கள் பேச்சு கடைசியில் உண்மையாகிவிட்டது. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து எனக்குப் புரையேறியது. சீட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது போலீஸ்காரர், "இன்னொருக்கா பொய் சொல்றதுன்னா கொஞ்சம் வெக்கப்பட்டுச் சொல்லு அம்மிணி" என்றார்.

கோயமுத்தூர் வந்து சேரும்போது மூன்றரை. திடலுக்குப் பின் சந்தில் கிரைண்டர் வைத்திருக்கிற வீட்டு அம்மாவின் காலில் விழாத குறை. அரிசியை நாலு தண்ணீரில் அலசி, புளிப்பு ஏறிய மேலரிசியைக் கொட்டிவிட்டு, ஒன்றரை அண்டாவை ஆட்டி எடுத்தோம். கமிட்டி மேஜைக்கு ஓடும்போது ஆறுக்கு எட்டு நிமிஷம். அல்வாக் கடைக்காரர் அங்கேயே நின்றுகொண்டிருந்தார், புதுச் சட்டை போட்டுக்கொண்டு.

குமாஸ்தா நோட்டைத் திருப்பி, "மயிலாத்தாள் யாருங்க?" என்றார். வேனில் வரும்போதே எனக்கு இதுதான் பயம். பொய் சொன்னால் மறுபடி மாட்டுவேன். உண்மையைச் சொன்னால் இடம் போய்விடும். நான் வாயைத் திறக்குமுன் அண்ணன் முன்னால் வந்தார்.

"அவ காலமாயிட்டாங்க. இது எந் தங்கச்சி ருக்மணி. எடத்த இவ பேருல எழுதிக்குங்க. கடைப் பேரு மயிலாத்தாளுன்னே இருக்கட்டுங்க."

"ஆளே இல்லைன்னா இடம் எப்படிங்க அதே ஊட்டுக்குப் போகும்?" என்றார் அல்வாக்காரர். குமாஸ்தா கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "அந்த எள்ளும் வெல்லமும் போட்டு ஒண்ணு குடுப்பீங்களே, அந்தக் கடையா?" என்றார். ஆமாங்க என்றேன். "அடுப்பு பத்துச்சான்னு அஞ்சு நிமிசத்துல வந்து பாப்பேன்" என்று சொல்லிக் கையெழுத்துக்கு நோட்டை என் பக்கம் திருப்பினார். அவசரத்தில் போட்டதில் ருக்மணி என்பது யாருக்கும் படிக்க வராத மாதிரி விழுந்தது.

அடுப்புப் பற்றியது. முதல் ஈடு வெந்தது. இனி அச்சை யார் அமுக்குவது? எனக்கு இலையைச் சுற்றி இழையை வாங்கத்தான் தெரியும், அமுக்குகிற பலம் உங்கள் தோளுக்குத்தானே இருந்தது. பொம்பளை வேலை என்று பதினாலு வருஷம் கிட்டவே வராத அண்ணன், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அச்சுக்கு முன்னால் உட்கார்ந்தார். முதல் பிடியிலேயே விரலைச் சுட்டுக்கொண்டு உங்களை மாதிரியே உதறினார்.

அந்த நேரம் பார்த்து ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்கள். "கிழக்கு வாசலை ஒட்டி, மயிலாத்தாள் சந்தகைக் கடை. மயிலாத்தாள் சந்தகைக் கடை." திடல் முழுக்க, ராட்டினத்துக்கு மேலே, வெளியே ரோடு வரைக்கும் உங்கள் பேர் போயிற்று. அண்ணன் கை அப்படியே நின்றுவிட்டது. எனக்கும் கண்ணை மறைத்தது. ஆனால் அச்சில் இருப்பது ஆறினால் கல்லாகிவிடும் இல்லையா?

"அமுக்குங்கண்ணா, சூடு போவுது!" என்று கத்தினேன். கத்திய பிறகுதான் அது உங்கள் வார்த்தை என்று தெரிந்தது. அண்ணனுக்கும் தெரிந்திருக்கிறது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு அமுக்கினார். இழை அறுபடாமல் வந்தது நங்கை. முதல் இலையை அவரே சாப்பிட்டார், ஒரு இழை மிச்சம் வைக்காமல்.

இதோ கிரைண்டர் வீட்டிலிருந்து மாவு எடுத்துக்கொண்டு அண்ணன் வருகிறார். எழுதுவதை மறைக்கப்போவதில்லை, படித்தால் படிக்கட்டும். பொருட்காட்சி முடிகிற வரைக்கும் ஒரு நாள்கூட அடுப்பு அணையாது. ஊர் திரும்பும்போது அதே செக்போஸ்டில் இறங்கி அந்த ரெண்டு பேருக்கும் சூடாகச் சந்தகை பிழிந்து கொடுத்துவிட்டுத்தான் தாண்டுவோம். யாரென்று கேட்டால் இந்தத் தடவை சரியாகச் சொல்வேன்.

மயிலாத்தாளின் நாத்தனார்,
ருக்கு