ஒரு வருசக் கரண்டி

இன்று காலை பக்கத்து வீட்டுக்காரர் வேலியடியில் நின்று கேட்டார்: “மாஸ்டர், கொழும்புக்குப் போறன். ஒரு கொம்பியூட்டர் வாங்க யோசினை. ஒரு வருசக் கரண்டி எண்டு சொல்லினம். வேறை என்ன கேக்கவேணும்?”

உத்தரவாதத்தை நம்மவர்கள் கரண்டி என்று சொல்வதை நீ எப்போதும் கேலி செய்வாய். அந்தச் சொல்லைக் கேட்டதும் உன் நினைவு வந்தது. உன்மேல் எனக்குள்ள கோபமும் கூடவே வந்தது. நீ போய் ஒரு மாரி கழிந்தும் அது ஆறவில்லை.

எண்பத்தாறில் நாம் இருவரும் டியூட்டறியில் படிப்பிப்பதை விட்டுவிட்டு, சொந்தமாகக் கணனி வகுப்புத் தொடங்கப் புறப்பட்டோம். கொழும்புக் கடைக்காரர் எங்கள் பக்கத்து ஆள். “எங்கடை பிள்ளையளுக்குச் செய்யாமல் ஆருக்குச் செய்யப்போறன்? ஒரு வருசத்துக்கு நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்க வேண்டாம்” என்றார். நீதான் உத்தரவாத அட்டையின் பின்புறத்தை வாசித்தாய். மின்சாரம் கூடிக் குறைந்து பழுதானால் பொறுப்பில்லை. எந்தப் பழுதென்றாலும் பெட்டியைக் கடைக்கே கொண்டுவர வேண்டும். மூடியில் ஒட்டிய சீல் கிழிந்தால் ஒன்றுமே இல்லை.

“மச்சான், சாமான் யாழ்ப்பாணத்திலை, கரண்டி கொழும்பிலை” என்றாய்.

திரும்பி வரும் வழியில் ஆனையிறவு இராணுவ முகாமில் பஸ்ஸை மறித்தார்கள். ஒரு சிப்பாய் கணனியின் மூடியைக் கழற்றி உள்ளே பார்த்தான். சீல் கிழிந்தது. கிழிந்த சீலின் மேல் ஒரு கையெழுத்து வைத்துத் தரும்படி நீ அவனிடம் சிங்களத்தில் கேட்டாய். அவன் உன்னை மேலும் கீழும் பார்த்தான். பிறகு சிரித்துக்கொண்டே கையெழுத்து வைத்தான்.

“விசரா, சுட்டிருந்தால்?” என்றேன் பஸ்ஸில் ஏறியதும்.

“எனக்கென்ன, கரண்டியோ தந்திருக்கு?” என்றாய்.

வகுப்புத் தொடங்குமுன்பே திரை இருண்டுபோனது. திரும்பவும் பெட்டியோடு கொழும்புப் பயணம். வழியெல்லாம் உனக்குச் சொல்லிக்கொண்டு வந்தேன். “வாங்கேக்கையே கிழிஞ்சிருந்தது எண்டு சொல்லு. வேறை ஒண்டும் கதையாதை.” கையெழுத்தை நகத்தால் சுரண்டிவிடுவோம் என்றும் சொன்னேன். நீ விடவில்லை.

கடைக்காரர் சீலைத் தடவிப் பார்த்தார். “உதை ஆர் திறந்தது?”

“ஆமி. இந்தாங்கோ, கையெழுத்தும் வைச்சிருக்கு” என்றாய் நீ.

அதற்குப் பிறகு அவருக்குத் தமிழ் மறந்துவிட்டது. தங்கள் ஆட்களைத் தவிர வேறு எவர் திறந்தாலும் உத்தரவாதம் செல்லாது என்று ஆங்கிலத்தில் வாசித்துக் காட்டினார். அந்த மனிதரை நான் இன்றும் மன்னிக்கவில்லை. உன்னையும்தான். ஒரேயொரு பொய் போதுமாயிருந்தது.

“திறந்ததைத் திறந்ததெண்டுதானே சொன்னன்” என்றாய். “கரண்டி இல்லாட்டிக் கையாலை சாப்பிடுவம்.” உன் வீட்டு மேசையில் வைத்து நாமே கழற்றினோம். சரிவரவில்லை. டியூட்டறி முதலாளியிடம் போய்ப் பழைய வேலையைத் திரும்பக் கேட்டேன். அவர் என்னை வாசலில் நிற்க வைத்தே கதைத்தார். அந்த அவமானத்தையும் உன் பெயரில்தான் எழுதி வைத்திருக்கிறேன்.

பிறகு யுத்தம் முற்றி, ஊரில் மின்சாரமே இல்லாமல் போனது. போன மாரியில் காய்ச்சலோடு கிடந்த உன்னைச் சைக்கிளில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். கொடுக்க வேண்டிய மருந்து கொழும்பிலிருந்து கடல் தாண்டி வரவேயில்லை. சண்டையைப் பாதியில் விட்டுவிட்டுப் போனாய்.

வேலியடியில் நின்றவருக்குச் சொன்னேன்: வருடக் கணக்கை மட்டும் பார்க்க வேண்டாம். பாகங்களுக்கு மட்டுமா, திருத்தும் கூலிக்குமா என்று கேளுங்கள். பழுதானால் எங்கே கொண்டுபோவது, ஜெனரேற்றரில் ஓட்டினால் ஏற்றுக்கொள்வார்களா என்றும் கேளுங்கள். மூடியில் ஒட்டிய சீல் கிழிந்தால் கரண்டி செல்லாது. “வழியிலை ஆமி திறந்தாலும் கரண்டி செல்லும் எண்டு எழுதித் தரச் சொல்லுங்கோ.”

“எழுதித் தருவினமோ மாஸ்டர்?”

“தரமாட்டினம். கேளுங்கோ.”

“அப்ப சீல் கிழிஞ்சு, ஆர் திறந்ததெண்டு கேட்டால் என்ன சொல்லுறது?”

இந்தக் கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் ஒன்று இருந்தது. அதற்காகத்தான் உன்னோடு இத்தனை வருடம் சண்டை பிடித்தேன்.

“ஆமி திறந்தது எண்டு சொல்லுங்கோ” என்றேன். “கையெழுத்தும் வாங்கி வையுங்கோ.”

அவர் போன பிறகு வேலியடியில் நின்று உன்னைத்தான் திட்டினேன்.