மூன்று கண்ணாடி ஜன்னல்

ஹெல்சிங்கி

அன்புள்ள அப்பாவுக்கு, சைமி எழுதுவது. நான் நலம். அம்மாவின் இருமல் குறைந்ததா?

புது வீட்டு ஜன்னலுக்கு இரண்டு கண்ணாடி போதாதா, மூன்றுக்குச் செலவழிக்க வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். நான் முதன்முதலாகத் தனியே பொருத்திய மூன்று கண்ணாடி ஜன்னல் மறுநாள் காலை ஈரம் படிந்து மங்கிக் கிடந்தது. வேலை போயிற்று என்றே நினைத்தேன். மேஸ்திரி ரைமோ விரலால் துடைத்துப் பார்த்தார்.

"அட பொண்ணே, ஈரம் வெளிப்பக்கத்துல இருக்கு! வீட்டுச் சூடு வெளியே வரல, அதான் வெளிக் கண்ணாடி குளிர்ந்து பனி படிஞ்சிருக்கு. நல்லாத்தான் பொருத்தியிருக்கே. உனக்கு எதுக்கு வேர்க்குது?"

அப்பாடா என்றிருந்தது. விலை கூடினாலும் மூன்றையே போடுங்கள். அம்மா ஜன்னலோரம் நடுங்காமல் படுக்கலாம். எனக்குக் கம்பளிக் காலுறை அனுப்புங்கள், அம்மா பின்னியதாக. வேலைக்கு அழைத்துப்போகும் வண்டி வந்துவிட்டது. புது வீட்டில் என் கட்டிலுக்கும் இடம் விடுவீர்கள்தானே?

சைமி