'சமையல்' ஃபோல்டர்

பிப்ரவரி 3, சனி

டிரைவ் வந்துவிட்டது. நான்கு வருடமாக "அடுத்த மாசம், அடுத்த மாசம்" என்று சொல்லிக்கொண்டிருந்த சாமான் இன்று அட்டைப் பெட்டிக்குள் வந்து இறங்கியது. ப்ளூ-ரே தட்டு போடுகிற டிரைவ், ஒல்லி ரகம். ஒரு பள்ளிக்கூட நோட்டின் தடிமன்தான் இருக்கும்.

டிவிக்குக் கீழே இருக்கும் சின்னக் கம்ப்யூட்டர் நானே கூட்டிச் சேர்த்தது. செருப்புப் பெட்டியில் பாதி அளவு. வீட்டிலுள்ள பாட்டு, படம், போட்டோ எல்லாம் அதிலிருந்துதான் டிவியில் ஓடும். அதில் ப்ளூ-ரே மட்டும் ஓடாது.

நான்கு வருடத்துக்கு முன்னால் மச்சான் ஒரு ப்ளூ-ரே தட்டைக் கொண்டுவந்தபோது இருந்த குறையும் அதுதான். மச்சான் என்றால் என் மனைவியின் ஒரே தம்பி. விழித்திருக்கும் நேரமெல்லாம் பேசிக்கொண்டே இருப்பான், அதனால் எல்லோருக்கும் அவன் ரேடியோ. கடலடி உயிர்களைப் பற்றிய படம். "மாமா, மீனோட செதிலை ஒவ்வொண்ணா எண்ணலாமாம். மூணு பேரும் சேர்ந்துதான் பாக்கணும்" என்று கையில் கொடுத்தான். மேலே சுற்றிய பிளாஸ்டிக் தாளை இன்னும் பிரிக்கவில்லை.

"வெளியில வைக்கிற டிரைவ் ஒண்ணு வாங்கி ஒயரைக் குத்துங்க மாமா, ஒரு நிமிஷ வேலை" என்றும் சொன்னான். நான் கேட்கவில்லை. நான் பல் செட் செய்கிறவன். வாயில் வைத்தால் வைத்தது தெரியக்கூடாது என்பதுதான் என் தொழில். ஒயர் தொங்கினால் எனக்குச் சோறு இறங்காது. உள்ளேயே பொருத்துகிறேன், கொஞ்சம் பொறு என்றேன்.

அவன் இரண்டு வருடம் பொறுத்தான். அப்புறம் ஒரு நாள் போனில் யாருடனோ பேசிக்கொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. நாற்பத்தொரு வயது. அதற்கும் இரண்டு வருடம் ஆகப்போகிறது.

பதினெட்டாம் தேதி அவன் பிறந்தநாள். அன்று இவளை உட்காரவைத்து அந்தப் படத்தைப் போட்டுக் காட்ட வேண்டும். அவளிடம் சொல்லப்போவதில்லை.

பிப்ரவரி 4, ஞாயிறு

திறந்து பார்த்தேன். டிரைவ் போக வேண்டிய இடத்தில் பழைய ஹார்ட் டிஸ்க் உட்கார்ந்திருக்கிறது. போர்டில் இணைப்பும் இரண்டுதான். ஒன்று கம்ப்யூட்டர் ஓடுவதற்கான சின்ன டிஸ்க்குக்கு, இன்னொன்று இதற்கு. ஆக, இது எழுந்தால்தான் அது உட்காரும்.

இவள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இந்த இரண்டு வாரமும் மதிய ஷிப்ட். "பழைய டிஸ்க்கைக் கழட்டறேன், உள்ள இருக்கிறதை மாத்தி வச்சிடறேன்" என்றேன். செருப்பை மாட்டிக்கொண்டே, "எல்லாம் மாறிடும்ல?" என்று கேட்டாள். "எல்லாம் மாறிடும்" என்றேன்.

சின்ன டிஸ்க்கில் இடம் போதவில்லை. பாட்டு, போட்டோ, நல்ல படங்கள் ஏறிவிட்டன. டிவியிலிருந்து பதிந்துவைத்த பழைய குப்பைகளை விட்டுவிட்டேன். 'சமையல்' என்று அவள் ஒரு ஃபோல்டர் வைத்திருக்கிறாள், பத்தொன்பது ஃபைல். பத்தொன்பது பார்த்தும் நம் வீட்டுச் சமையல் இம்மியும் மாறவில்லை, அது இருந்தால் என்ன போனால் என்ன.

பிப்ரவரி 6, செவ்வாய்

நான் வேலை செய்கிற பல் லேபில் கண்காணிப்புக் கேமரா பதிகிற பெட்டிக்கு டிஸ்க் கெட்டுப்போய்விட்டதாம். லேபை நடத்துகிற டாக்டரம்மா நேற்றிலிருந்து புலம்பிக்கொண்டிருந்தார். நம்மிடம் சும்மா கிடக்கும் பழைய டிஸ்க்கை, உள்ளே இருந்ததையெல்லாம் துடைத்துச் சுத்தமாக்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். "உங்க வீட்ல எது கேட்டாலும் இருக்கும் போல" என்றார். சந்தோஷமாகத்தான் இருந்தது.

பிப்ரவரி 10, சனி

முகப்புத் தகட்டின் வாயை அரை மில்லிமீட்டர் ராவ வேண்டியிருந்தது. பல் ராவுகிற மெஷினிலேயே ராவினேன். இப்போது டிரைவ் இருப்பதே தெரியவில்லை, விரல் வைத்துத் தடவினாலும் விளிம்பு தட்டாது. சோதித்துப் பார்க்க இரவல் வாங்கிய தட்டு ஒன்றைப் போட்டேன். ஓடியது.

ரேடியோ இருந்திருந்தால் இதைப் பற்றி மட்டும் அரை மணி நேரம் பேசியிருப்பான்.

பிப்ரவரி 17, சனி

எப்படி எழுதுவது.

இன்றிலிருந்து இவளுக்குக் காலை ஷிப்ட். மூன்று மணிக்கே வந்துவிட்டாள். எனக்கும் அரை நாள். குளித்தாள், டீ போட்டாள், எனக்கு ஒரு தம்ளர் கொடுத்துவிட்டு டிவி முன்னால் போய் உட்கார்ந்தாள். நான்கு மணி இருக்கும். நான் உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

"என்னங்க, சமையல் எங்க?"

நான் பேப்பரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "அடுப்படியிலதான் இருக்கும், போய்ப் பாரு" என்றேன். எனக்கே சிரிப்பு வேறு.

அவள் சிரிக்கவில்லை. மறுபடி கேட்டாள். இடம் பத்தலை, எடுத்துட்டேன், டிஸ்க்கை லேபுக்குக் கொடுத்தாச்சு என்றேன். எழுந்துபோய்ப் பார்த்தேன். ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அதுல தம்பி இருந்தான்."

எனக்குப் புரியவில்லை. என்ன தம்பி, எந்தத் தம்பி என்று கேட்டேன். என் வாயிலிருந்து அப்படியொரு கேள்வி வந்தது.

அவன் எடுத்த வீடியோக்களாம். இவளுடைய பழைய போனில் இருந்தவை. போன் மாற்றியபோது நான்தான் டிஸ்க்கில் ஏற்றிக் கொடுத்தேன். பத்தொன்பதும். 'சமையல்' என்று பெயர் மாற்றி வைத்திருக்கிறாள். காலை ஷிப்ட் இருக்கும் நாளெல்லாம் நாலு மணிக்குப் பார்ப்பாளாம், நான் ஆறு மணிக்கு வருவதற்குள்.

"ஏன் என்கிட்ட சொல்லல?" என்றேன்.

"சொன்னா அழிக்கச் சொல்லுவீங்க."

பிப்ரவரி 18, ஞாயிறு

அவன் பிறந்தநாள். கடல் படம் மேஜைமேல் பிளாஸ்டிக் தாளோடு இருக்கிறது. எடுத்து அலமாரியில் வைத்தேன், அப்புறம் அங்கிருந்தும் எடுத்துத் துணிகளுக்கு அடியில் வைத்தேன். யாரிடமிருந்து ஒளிக்கிறேன்?

அன்றைக்கு நடந்ததை எழுதித்தான் ஆக வேண்டும். அவன் போய் ஒரு வருடம் இருக்கும். சீக்கிரம் வீட்டுக்கு வந்தேன். டிவியில் அவன் குரல். இவள் தரையில் உட்கார்ந்து தேம்பிக்கொண்டிருந்தாள். நான் நேராகப் போய் ஸ்விட்சை அணைத்தேன். "திரும்பத் திரும்ப இதையே பாத்தா மனசு எப்படி ஆறும்? எல்லாத்தையும் அழி முதல்ல" என்றேன். மறுநாள், "அழிச்சிட்டேன்" என்றாள். சரி, தேறிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் நல்லதுக்குத்தான் சொன்னேன் என்று இத்தனை நாள் நம்பிக்கொண்டிருந்தேன். பொய். என்னால அந்தக் குரலைக் கேக்க முடியல, அதான். 'மாமா'ன்னு ஒரு தடவை கூப்பிட்டா எனக்கு டிரைவ் ஞாபகம் வரும். ஒரு நிமிஷ வேலை. ஒரு நிமிஷ வேலையைச் செய்யாதவன். அதுக்காக அவ வாயை அடைச்சேன், அவ கண்ணீரை ஒளிச்சு வைக்கவச்சேன். ஒளிச்சு வச்ச இடத்தையும் போய் நானே துடைச்சேன்.

திறந்துகூடப் பார்க்கவில்லை. ஒரே ஒரு ஃபைலைத் திறந்திருந்தால் போதும். பல் செட்டுக்கு அச்சு எடுத்தால் மூன்று தடவை பார்க்கிறவன் நான்.

இன்று அவள் சொன்னதும் இதுதான். திட்டவில்லை, குரலும் உயரவில்லை. "பாத்துட்டு அழிச்சிருந்தாகூட இவ்வளவு வலிக்காது. பாக்காமயே அழிச்சிட்டீங்க."

பிப்ரவரி 19, திங்கள்

லேப் திறப்பதற்கு முன்பே போய் வாசலில் நின்றேன். கேமராப் பெட்டியை நிறுத்தி டிஸ்க்கைக் கழற்றினேன். டாக்டரம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். "நீங்க முதல்ல கிளம்புங்க. இன்னிக்கு வேலையை நான் பாத்துக்கறேன்" என்றார்.

அழிந்த டிஸ்க்கிலிருந்து எடுத்துக் கொடுப்பவர் ஒருவர் இருக்கிறார். ஒரு மாடிப்படிக்குக் கீழே சின்னக் கடை. டிஸ்க்கை வாங்கியதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "இதுக்கு மேல ஏதாவது எழுதினீங்களா?"

பதிமூன்று நாளாக அது நிற்காமல் எழுதிக்கொண்டிருக்கிறது என்றேன். அவர் சீட்டில் என் பெயரை எழுதிக்கொண்டார்.

பிப்ரவரி 22, வியாழன்

கடைக்காரர் கூப்பிட்டிருந்தார். "துடைச்சது பெரிய விஷயம் இல்ல சார். துடைச்ச இடத்துமேல வேற எழுதிட்டா, அடியில இருந்தது போனதுதான். கேமரா இன்னும் தொடாத இடத்துல எது கிடக்கோ அது மட்டும் வரும்."

பதிந்திருப்பதைத் திரையில் காட்டினார். லேப் அறை. என் மேஜை. மேஜைமேல் குனிந்திருக்கும் ஒரு வழுக்கைத் தலை. ஓட்டிக்கொண்டே போனார், மணிக்கணக்கில் அதே தலை, அதே விளக்கு, கையில் அதே அரம்.

"இது நீங்கதானே சார்?" என்றார்.

நான்தான். ரேடியோ பேசிக்கொண்டிருந்த இடத்தில் இப்போது நான் பல் ராவிக்கொண்டிருக்கிறேன்.

பிப்ரவரி 24, சனி

"சாப்பாடு எடுத்து வச்சிருக்கு." இன்று முழுக்க அவள் பேசியது இவ்வளவுதான்.

பிப்ரவரி 27, செவ்வாய்

நாலு மணிக்கு அவள் என்ன செய்கிறாள் என்று தெரிந்துகொள்ள வேண்டும் போல இருந்தது. தலைவலி என்று சொல்லிச் சீக்கிரம் வந்தேன். டிவி அணைந்திருந்தது. அதன் எதிரே உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். நானும் கீழே உட்கார்ந்து ஒரு கை எடுத்து உரித்தேன். வேண்டாம் என்று சொல்லவில்லை.

மார்ச் 1, வெள்ளி

பத்தொன்பதில் நான்கு வந்திருக்கிறது. அதில் ஒன்றுக்குப் படம் இல்லை, சத்தம் மட்டும்.

கடையிலேயே போட்டுப் பார்க்கிறீர்களா என்று கேட்டார். வேண்டாம், வீட்டில் முதலில் பார்க்க வேண்டியவர் ஒருவர் இருக்கிறார் என்றேன். மூன்று பென் டிரைவில் மூன்று நகல் வாங்கிக்கொண்டேன்.

அவளிடம் கொடுத்தேன். "நாலுதான் கிடைச்சுது. கடல் படத்துக்கு டிரைவ் மாட்டப் போய், மத்தது என்னாலதான் போச்சு. அன்னிக்கு டிவியை அணைச்சதும் உனக்காக இல்ல, எனக்காகத்தான். என்னால அவன் குரலைக் கேக்க முடியல" என்றேன். வழியெல்லாம் ஒத்திகை பார்த்ததில் பாதிகூட வரவில்லை.

"அவன் போனைத் தன் பக்கம் திருப்பி மூஞ்சியைக் காட்டுவானே, அது இருக்கா?" என்று கேட்டாள்.

தெரியாது என்றேன். பத்தொன்பதில் எது எது என்று எனக்கு எப்படித் தெரியும்? நான் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லையே.

மார்ச் 2, சனி

அது இல்லை. காலையில் அவளே பார்த்துவிட்டுச் சொன்னாள். நான்கிலும் எடுக்கிறவன் அவன், அதனால் அவன் முகம் எதிலும் இல்லை. சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டாள்.

மார்ச் 9, சனி

மூன்று மணிக்கு வந்தாள். குளித்தாள், டீ போட்டாள். நான் பேப்பரோடு உள்ளே போகப் பார்த்தேன்.

"சமையல் போடப்போறேன். வரீங்களா?"

போனேன். சோபாவில் அவள் பக்கத்தில் உட்காரத் தயக்கமாக இருந்தது, தரையில் உட்கார்ந்தேன். அவள் பென் டிரைவைக் குத்தினாள். முதல் மூன்றில் ஒன்று மழையில் நனைந்த மாடிப்படி, ஒன்று இவள் தலை வாரிக்கொண்டே "போனைக் கீழ வைடா" என்று விரட்டுவது, ஒன்று யாருடைய கல்யாணத்திலோ பந்திக்குக் காத்திருக்கும் எங்கள் இருவரின் முதுகு. எல்லாவற்றிலும் அவன் பேசிக்கொண்டே இருக்கிறான். படம் கலங்கல். மீன் செதிலாவது ஒன்றாவது, ஆள் யாரென்றே பாதி தெரியவில்லை.

நான்காவதில் படமே இல்லை. கறுப்புத் திரையில் பாத்திரம் கழுவும் சத்தம் மட்டும். இவள் குரல் கேட்கிறது: "அந்தக் கடல் படத்தைப் பிரிச்சுத்தான் வையேன்டா, மாமா எப்ப மாட்டப்போறாரோ." அப்புறம் அவன்:

"அடுத்த மாசம்க்கா. எந்த வருஷத்து அடுத்த மாசம்னு மட்டும் கேக்காத." இரண்டு பேரும் சிரிக்கிறார்கள். சிரித்து முடித்துவிட்டு அவனே தொடர்கிறான். "ஆனா ஒண்ணுக்கா, மாமா மாட்டினா அது அங்கேயே பொறந்த மாதிரி உக்காரும். மெதுவா மாட்டட்டும். நான் எங்க போயிடப்போறேன்?"

அதோடு முடிந்துவிட்டது. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் எழுந்து வந்து கம்ப்யூட்டர் முன்னால் குனிந்து, டிரைவ் இருக்கும் இடத்தை ஒரு விரலால் மெல்லத் தடவினாள். முதல் தடவையாக அதைப் பார்க்கிறாள்.

"தெரியவே இல்ல" என்றாள்.

அப்போது எனக்கு அடக்க முடியவில்லை. அவள் என் அருகிலேயே தரையில் உட்கார்ந்துகொண்டாள். என்னை அழவேண்டாம் என்று சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ரிமோட்டை எடுத்தாள்.

"திரும்பப் போடட்டுமா?" என்று கேட்டாள்.

"போடு" என்றேன்.